கண்மாய் நீரும் கணிப்பொறி நிரலும்
(திறமூல மென்பொருளுக்கு உரிமம் தேர்ந்தெடுக்கும் முறை)

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலே குடுமியான்மலை என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இசைச் சுரங்களை வரிவரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் எழுத்து ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் அறிஞர். உருத்திராச்சாரியார் என்பவரின் மாணவரான ஓர் அரசர் அதனைச் செய்வித்தார் என்றும், மாணவர் நலன் கருதியே செய்வித்தார் என்றும் அந்தக் கல்வெட்டே கூறுகிறது. சுவடியில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், வருவோர் போவோர் எல்லாம் பார்த்துப் படிக்கும்படி பாறையில் வெட்டி வைத்த அந்த உள்ளம் எத்துணைப் பெரிய உள்ளம்!

இன்று நாம் பாறையில் எழுதுவதில்லை, கணிப்பொறியில் எழுதுகிறோம். கணிப்பொறிக்கு நாம் எழுதும் கட்டளைகளின் தொகுப்பிற்கு நிரல் என்று பெயர். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'காட்சித் தொடர்பு' என்னும் பாடத்தில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் பற்றிப் படிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கும் அக்காமார்கள் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறார்கள். இவ்வாறு எழுதிய நிரலைப் பிறருக்குக் கொடுக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொன்னால் போதுமா? பிறர் எழுதியதை நம்முடையதோடு சேர்த்துக்கொள்ளலாமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமம் என்றால் என்ன?

ஒருவர் ஒரு கதையை எழுதி முடித்த அந்த நொடியிலேயே அதன் பதிப்புரிமை அவருக்கு உரியதாகிவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்தியாவில் இதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1984இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் கணிப்பொறி நிரலும் கதை, கட்டுரைகளைப் போல இலக்கியப் படைப்பு வகையில் சேர்க்கப்பட்டது. ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கும்.

இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 15 வயது மாணவி ஒருத்தி இன்று ஒரு நிரலை எழுதுகிறாள். அவள் 75 வயது வரை வாழ்ந்தால், இன்றிலிருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகள் வரை அவளுடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைப் படியெடுக்கவோ, திருத்தவோ, பரப்பவோ இயலாது. அவள் எவருக்கும் தடை சொல்லவில்லையே என்று கேட்கலாம். தடை சொல்லாதிருப்பது வேறு. அனுமதி கொடுப்பது வேறு. உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே உரிமம் எழுதாமல் வெளியிட்ட நிரல், கதவு திறந்திருப்பது போலத் தோன்றினும் பூட்டிய வீடே ஆகும்.

'இந்தப் படைப்பை நீங்கள் இன்னின்னவாறு பயன்படுத்தலாம். அதற்கு நிபந்தனை இது' என்று உரிமையாளர் எழுதித் தரும் அனுமதியே உரிமம். மூலநிரலையும் கூடவே கொடுத்து, அதைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் யாவருக்கும் அனுமதி தரும் உரிமங்களைத் திறமூல உரிமங்கள் என்கிறோம்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். விலையில்லாமல் கிடைப்பதெல்லாம் திறமூலம் அன்று. கைப்பேசியில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் எத்தனையோ செயலிகளின் மூலநிரலை நாம் கண்ணால் கூடக் காண முடியாது. அதேபோல், திறமூல மென்பொருளைக் காசுக்கு விற்கவும் தடையில்லை. இங்கே பேசப்படுவது விலை அன்று, விடுதலை.

சிறு வரலாறு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார். அதற்கு குனு என்று பெயர். மென்பொருளை இயக்குதல், ஆராய்ந்து திருத்துதல், படியெடுத்துக் கொடுத்தல், திருத்தியதைப் பிறருக்கு அளித்தல் என்னும் நான்கு உரிமைகளும் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த உரிமைகளைக் காக்க அவர் வகுத்த ஜி.பி.எல். என்னும் பொதுமக்கள் உரிமம் 1989இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991லும், மூன்றாம் பதிப்பு 2007லும் வெளிவந்தன.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதைக் காசு வாங்கிக்கொண்டு எவரும் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தார். 1992இல் அந்நிபந்தனையை நீக்கிவிட்டு ஜி.பி.எல். உரிமத்திற்கு மாறினார். அதன்பின் உலகெங்கும் நிறுவனங்களும் தனிமனிதர்களும் அதில் உழைத்தார்கள். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அக்காமார்கள் பெற்ற கணினிகளில் அது இருந்தது. எங்கோ பின்லாந்தில் ஒரு மாணவர் எழுதத் தொடங்கியது, புதுக்கோட்டைச் சீமையின் ஒரு சிற்றூர் மாணவியின் மடியில் வந்து அமர்ந்தது. அதற்கு வழிவிட்டது உரிமம் என்னும் ஒரு தாளே!

தண்ணீர்ப்பந்தலும் கண்மாயும்

திறமூல உரிமங்கள் பல இருப்பினும், அவற்றை இரு பெரும் வகைகளில் அடக்கலாம்.

முதல்வகை தண்ணீர்ப்பந்தல் போன்றது. கோடைக் காலத்தில் சாலையோரத்தில் பானை வைத்து நீர் வார்க்கிறார்கள். குடித்தவர் தம் வழியே போகலாம். நீரைக் குடத்தில் பிடித்துச் சென்று சர்பத் கலந்து விற்றாலும் கேட்பாரில்லை. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி ஆகிய உரிமங்கள் இவ்வகையின. இவை கேட்பது மிகச் சிறிது: எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் கூடவே வைத்திரு என்பதே. 2004இல் வந்த அப்பாச்சி இரண்டாம் பதிப்பு, திருத்திய கோப்புகளில் 'திருத்தப்பட்டது' என்று குறிக்கவும் சொல்கிறது. மேலும், நிரலை அளித்தவர் பின்னாளில் 'இதிலுள்ள கண்டுபிடிப்பு என்னுடையது, எனக்குப் பணம் கொடு' என்று பேட்டன்ட் வழக்குத் தொடுக்காதபடி அது பயனருக்குப் பாதுகாப்பும் தருகிறது.

இரண்டாம்வகை கண்மாய் போன்றது. கண்மாய் நீர் ஆயக்கட்டுக்காரர் அனைவருக்கும் பொது. எவரும் தம் வயலுக்குப் பாய்ச்சலாம், விளைந்ததை விற்கலாம். ஆனால் மடையை அடைத்து மற்றவர் பங்கைத் தடுக்கக் கூடாது. குடிமராமத்து என்று ஊர் கூடிக் கரையைச் செப்பனிடும்போது தம் பங்கு உழைப்பையும் தர வேண்டும். ஜி.பி.எல். உரிமம் இத்தகையது. இதன்கீழ் உள்ள நிரலைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், திருத்திய மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் கொடுக்க வேண்டும். தாம் பெற்ற உரிமையை அடுத்தவருக்கு மறுக்கக் கூடாது. இதனை அளிப்புரிமை என்பர். தன் வீட்டிற்குள்ளேயே திருத்திப் பயன்படுத்துபவருக்கு இந்தக் கடமை இல்லை. பிறருக்குக் கொடுக்கும்போதுதான் கடமை எழுகிறது.

இவ்விரண்டிற்கும் நடுவே சில உள்ளன. எம்.பி.எல். உரிமத்தில் திருத்திய கோப்பை மட்டும் திறந்து கொடுத்தால் போதும். அதனோடு சேரும் பிற கோப்புகள் எப்படியும் இருக்கலாம். எல்.ஜி.பி.எல். என்பது பிற நிரல்கள் துணைக்கு அழைத்துக்கொள்ளும் நிரலகங்களுக்கென வகுக்கப்பட்டது. ஜி.பி.எல்.லை விடக் கண்டிப்பானதும் ஒன்று உண்டு: அது ஏ.ஜி.பி.எல். திருத்திய நிரலைப் பிறர் கையில் கொடுக்காமல், தன் கணிப்பொறியில் வைத்துக்கொண்டு இணையத்தின் வழியே சேவையாக அளிப்பவரும் மூலநிரலைத் தர வேண்டும் என்கிறது அது.

எழுத்துருக்கள் தரும் பாடம்

உரிமம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ் எழுத்துருக்களின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தும். 1990களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கிய ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கத்தை வைத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் அச்சிட்ட கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் புரியாத கிறுக்கல்களே தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூட்டப்பட்டு, தரப்படுத்தப்பட்ட குறியாக்கங்களும் விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. பிறகு யூனிகோடு பரவியது. ஆனால் குறியாக்கம் பொதுவானால் மட்டும் போதுமா? எழுத்துருவையும் தடையின்றிப் படியெடுக்க உரிமை வேண்டும் அல்லவா? விற்ற நிறுவனம் மூடப்பட்டுவிட்டால், அனுமதி கேட்பதற்குக் கூட ஆள் இராதே!

ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட லோஹித் எழுத்துருக் குடும்பத்தில் தமிழும் உண்டு. அது முதலில் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது. நிரலுக்கென எழுதப்பட்ட உரிமம் எழுத்துருவிற்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஓர் ஆவணத்திற்குள் எழுத்துருவைப் பொதித்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த ஆவணமும் ஜி.பி.எல். நிபந்தனைக்குள் வந்துவிடுமோ? இந்த ஐயத்தைப் போக்க 'எழுத்துரு விதிவிலக்கு' என்று ஒரு வாசகத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. மொழிகளை ஆராயும் எஸ்.ஐ.எல். என்னும் அமைப்பு, எழுத்துருக்களுக்கென்றே ஓ.எஃப்.எல். என்ற உரிமத்தை வகுத்தது. அதன் 1.1ஆம் பதிப்பு 2007இல் வந்தது. 2011 செப்டம்பரில் லோஹித் அதற்கு மாறியது. கூகுள் நிறுவனத்தின் நோட்டோ எழுத்துருக்களும் முதலில் அப்பாச்சி உரிமத்தில் இருந்து, 2015இல் ஓ.எஃப்.எல். உரிமத்திற்கு மாறின.

ஓ.எஃப்.எல். சொல்வது இதுதான்: எழுத்துருவை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. திருத்தியதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும். மூல ஆசிரியர் ஒரு பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், திருத்தியவர் அப்பெயரைச் சூட்டக் கூடாது. எழுத்துருவைக் கொண்டு எழுதிய ஆவணத்தின் மீது எந்த நிபந்தனையும் இல்லை. இதனால் நாம் பெறும் பாடம் யாது? பொருளுக்கு ஏற்ற உரிமத்தைத் தேர வேண்டும். நிரலுக்கு நிரல் உரிமம்; எழுத்துருவிற்கு எழுத்துரு உரிமம்; கட்டுரை, படம், ஒலி ஆகியவற்றிற்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்.

மேலைக் கண்மாயும் கீழைக் கண்மாயும்

இனி, வெவ்வேறு உரிமம் கொண்டவற்றை ஒன்றாகச் சேர்க்கும் முறையைக் காண்போம். இதுவே இப்பாடத்தின் கடினமான பகுதி. ஆயினும் நம் மாவட்டத்துப் பெண்களுக்கு எளிதில் விளங்கும்.

நம் பகுதியில் கண்மாய்கள் சங்கிலிபோல் அமைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலைக் கண்மாய் நிரம்பினால், உபரி நீர் கலிங்கு வழியே கீழைக் கண்மாய்க்கு ஓடும். கீழையிலிருந்து மேலைக்கு நீர் ஏறுவதில்லை. உரிமங்களும் அவ்வாறே. நிபந்தனை குறைந்த உரிமம் மேட்டில் இருக்கிறது. நிபந்தனை மிகுந்தது பள்ளத்தில் இருக்கிறது. எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ள நிரலை ஜி.பி.எல். நிரலுக்குள் சேர்க்கலாம், முழு நிரலும் ஜி.பி.எல். நிபந்தனைக்கு உட்பட்டதாகும். ஆனால் ஜி.பி.எல். நிரலின் பகுதியை எடுத்து, எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட இயலாது.

எடுத்துக்காட்டு ஒன்று. தமிழகப் பாடநூல்களில் கற்பிக்கப்படும் ஓப்பன் ஆஃபீஸ் மென்பொருளிலிருந்து 2010இல் பிரிந்து உருவானது லிப்ரே ஆஃபீஸ். 2011இல் ஓப்பன் ஆஃபீஸ் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டு அப்பாச்சி உரிமத்திற்கு மாறியது. லிப்ரே ஆஃபீஸோ எம்.பி.எல். உரிமத்தை ஏற்றது. விளைவு என்ன? ஓப்பன் ஆஃபீஸில் செய்யப்படும் மேம்பாட்டை லிப்ரே ஆஃபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆஃபீஸின் மேம்பாட்டை ஓப்பன் ஆஃபீஸ் அப்படியே எடுத்துத் தன் உரிமத்தில் வெளியிட முடியாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் நீர் ஒரு திசையில்தான் ஓடுகிறது!

இரண்டு உரிமங்களும் 'எனக்கே முழு இணக்கம் வேண்டும்' என்று கேட்டால் இரண்டையும் கலக்கவே முடியாது. விக்கிப்பீடியா இதற்குச் சிறந்த சான்று. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதன் கட்டுரைகள் குனு ஆவண உரிமத்தின்கீழ் இருந்தன. அக்காலத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் 'அதேபோல் பகிர்க' உரிமத்தின்கீழ் பலர் நல்ல கட்டுரைகளை எழுதி வந்தனர். இரண்டும் தாராள உரிமங்களே. ஆனால் இரண்டுமே 'திருத்தியது என் உரிமத்தில்தான் இருக்க வேண்டும்' என்றன. ஆகவே ஒன்றின் பத்தியை மற்றொன்றில் சேர்க்க வழியில்லை. 2008 நவம்பரில் குனு உரிமத்தின் புதிய பதிப்பு மாற்றத்திற்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அதன் வழியாக 2009 ஜூனில் விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திற்கு மாறியது.

ஒரே உரிமத்தின் பதிப்புகளுக்குள்ளும் பிணக்கு உண்டு. 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்று எழுதிய ஜி.பி.எல். நிரலையும், மூன்றாம் பதிப்பு நிரலையும் ஒன்றாக்க முடியாது. 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது' என்று எழுதியிருந்தால் முடியும். அப்பாச்சி நிரலை ஜி.பி.எல். மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம். இரண்டாம் பதிப்போடு சேர்க்கக் கூடாது. 'அல்லது' என்ற ஒரே சொல்லில் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது பாருங்கள்!

எங்கள் சொல் விளையாட்டு

இவ்வளவையும் நாங்கள் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. தொடக்க வகுப்புத் தங்கைகளுக்காக, படத்தைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லை எழுத்துக் கூட்டும் ஒரு விளையாட்டு நிரலை நாங்கள் சிலர் பைத்தானில் எழுதி வருகிறோம். 'வேறொரு கிராமத்துப் பள்ளி கேட்டால் கொடுக்கலாமா?' என்று எங்கள் கணிப்பொறி ஆசிரியை வினவினார்கள். கொடுப்பதென்றால் உரிமம் வேண்டும். எந்த உரிமம்?

முதலில், நிரலுக்குள் யார் யாருடைய பொருள்கள் உள்ளன என்று பட்டியலிட்டோம். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பதற்கு ஓப்பன் தமிழ் என்ற நிரலகம், அது எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது. திரையில் காட்டுவதற்கு நோட்டோ தமிழ் எழுத்துரு, அது ஓ.எஃப்.எல். சொற்பொருள்கள் சில தமிழ் விக்சனரியிலிருந்து. அது கிரியேட்டிவ் காமன்ஸ் 'அதேபோல் பகிர்க'. படங்கள் எங்கள் வகுப்புத் தோழியர் வரைந்தவை. மீதி நிரல் நாங்கள் எழுதியது. இணையத்தில் தேடிக் கிடைக்கும் அழகிய படங்களைச் சேர்க்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. உரிமம் குறிப்பிடாத படம் பூட்டிய வீடு என்பது மேலே சொன்னதே. ஆகவே அது வேண்டாமென முடிவாயிற்று.

பின்பு வாதம் தொடங்கியது. 'யாரும் விற்கக் கூடாது என்று எழுதுவோம்' என்றாள் ஒருத்தி. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் அந்த நிபந்தனை எவரைத் தடுக்கும்? இணைய வசதி இல்லாத ஊரில் பென்டிரைவில் படியெடுத்துக் கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்கும் சிறு கடைக்காரரைத் தடுக்கும். மேலும் 'விற்காதே' என்ற நிபந்தனை உள்ள நிரலைத் திறமூலம் என ஏற்பதில்லை, ஜி.பி.எல். நிரலோடு சேர்க்கவும் இயலாது. லினக்ஸே அந்த நிபந்தனையைக் கைவிட்ட பின்தானே உலகெங்கும் பரவியது?

'அப்படியானால் எம்.ஐ.டி. போதுமே, எளிமையானது, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்' என்றாள் மற்றொருத்தி. அதிலும் உண்மை உண்டு. நாங்கள் ஒரு நிரலகத்தை எழுதியிருந்தால் அதையே தேர்ந்திருப்போம். ஓப்பன் தமிழ் போன்ற நிரலகம் பள்ளியிலும் நிறுவனத்திலும் எங்கும் புகுந்து பயன்பட வேண்டும். அங்கே தண்ணீர்ப்பந்தல்தான் ஏற்றது. அதனால்தான் எங்களாலும் அதை எளிதாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் எங்களுடையது முழு விளையாட்டு. எவரேனும் இதில் நூறு சொற்களைக் கூட்டி, பூட்டு மாட்டி, இதே குழந்தைகளின் பெற்றோரிடம் விற்றால்? விற்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. பூட்டு மாட்டுவதில்தான் வருத்தம். பாடநூல் மாறும்போது சொற்களை மாற்ற வேண்டும். அப்போது அடுத்த ஊர் ஆசிரியை ஒருவர் உள்ளே கைவைத்துத் திருத்த முடியாமற் போய்விடுமே! அவர் திருத்தியது நமக்கும் திரும்பி வர வேண்டும் அல்லவா? எனவே 'ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது' என்று தீர்மானித்தோம்.

இனிச் சேர்க்கை சரியா என்று பார்த்தோம். எம்.ஐ.டி. நிரலகம் ஜி.பி.எல். நிரலுக்குள் வரலாம், அதன் உரிம வாசகத்தை மட்டும் காக்க வேண்டும். எழுத்துருவைத் திருத்தாமல் தனி உறையில் வைத்து, அதன் உரிமத் தாளையும் உடன் வைக்கிறோம். சொற்பொருள்களைத் தனிக் கோப்பாக வைத்து, விக்சனரியின் பெயரையும் உரிமத்தையும் குறிக்கிறோம். படங்களுக்கும் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதனால் மட்டும் ஒன்று மற்றொன்றின் உரிமத்திற்குள் வந்துவிடாது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் அடுத்தடுத்து இருந்தாலும் தனித்தனி அறையில்தானே இருக்கின்றன! அரைத்துக் கலந்தால்தான் கணக்கு வேறு.

பெற்றோர் கவனத்திற்கு

எழுதியவள் சிறுமியாயினும் பதிப்புரிமை அவளுடையதே. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உரிய வயதை எட்டாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி பெறார். எங்களில் எவருக்கும் 18 வயது நிரம்பவில்லை. ஆகவே எழுதியவர், வரைந்தவர் ஒவ்வொருவரின் பெற்றோரிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிடுவது என்பது எங்கள் முடிவு.

இந்த ஒப்புதலைச் சிந்தித்தே தர வேண்டும். ஏனெனில் திறமூல உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. நாளை மனம் மாறினால் புதிய பதிப்பை நிறுத்தலாம். ஏற்கெனவே பெற்றவர் கையிலுள்ளதைப் பிடுங்க முடியாது. இதனை எண்ணியே தங்கைகளின் குரலைப் பதிவு செய்து சேர்க்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்தோம். நிரல் எங்கு சென்றாலும் நமக்குப் பெருமை. ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் குரல் எங்கெங்கோ, எதற்கெதற்கோ பயன்படுவதை அவள் வளர்ந்த பின் விரும்புவாளா? அவளுக்காக நாம் முடிவு செய்ய இயலாது. கொடுப்பது நல்லது, எதைக் கொடுக்கக் கூடாது என்று அறிவதும் நல்லதே.

மற்றொன்று: பலர் சேர்ந்து எழுதிய நிரலின் உரிமத்தைப் பின்னாளில் மாற்ற வேண்டுமானால், உரிமை உடைய ஒவ்வொருவரும் இசைய வேண்டும். நாம் படம் பார்க்கப் பயன்படுத்தும் வி.எல்.சி. மென்பொருளின் உட்பகுதியை 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஜி.பி.எல்.லிலிருந்து எல்.ஜி.பி.எல்.லுக்கு மாற்றியபோது, அதில் பங்களித்தவர்களைத் தேடித் தேடி இசைவு பெற வேண்டியிருந்தது. பள்ளியை விட்டுப் போன தோழியர் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பார்களோ! ஆகவே முதலிலேயே நன்கு எண்ணித் தேர்வது சிறப்பு.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. நிரலிலுள்ள ஒவ்வொரு பொருளும் யாருடையது, எந்த உரிமத்தில் உள்ளது என முதலில் பட்டியலிடுக.

2. உரிமம் இல்லாததைச் சேர்க்காதீர். வேண்டுமாயின் உரியவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள்.

3. எங்கும் பரவினால் போதும் என்றால் எம்.ஐ.டி. அல்லது அப்பாச்சி, திறந்தது திறந்தே இருக்க வேண்டும் என்றால் ஜி.பி.எல்.

4. சேரும் பொருள்களில் எது பள்ளத்தில் உள்ள கண்மாய் என்று பாருங்கள். முழு நிரலின் உரிமத்தை அதுவே தீர்மானிக்கும்.

5. புதிய உரிமத்தைத் தாமே எழுத முற்படாதீர். பலர் அறிந்த உரிமத்தைச் சொல் மாற்றாமல் பயன்படுத்துக.

6. உரிம வாசகம் முழுவதையும் ஒரு கோப்பில் வைத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுக.

7. பிறர் பெயரை ஒருபோதும் அழிக்காதீர். மேலே சொன்ன உரிமங்களுக்குப் பொதுவான கடமை இது.

முடிவுரை

1991இல் நம் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் பலர் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். அவள் மற்றொருத்திக்குக் கற்பித்தாள். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டியில் சென்றதைப் பாட்டிமார்கள் இன்றும் சொல்வார்கள். கற்பித்ததால் எவளுடைய மிதிவண்டியும் நின்றுவிடவில்லை. அறிவின் இயல்பே அதுதான், கொடுத்தால் குறைவதில்லை.

ஆயினும் கொடுக்கும் மனம் மட்டும் போதாது. கொடுக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவர் அஞ்சாமல் வாங்கவும், அவருக்குப் பின் வருபவர் தடையின்றிப் பெறவும் வழிசெய்வதே உரிமம். தோழியரே! நீங்கள் எழுதும் நிரல் சிறிதாயினும் அதன் தலைப்பில் உங்கள் பெயரை எழுதுங்கள். பெயருக்குக் கீழே உரிமத்தை எழுதுங்கள். அதன்பின் தயங்காமல் பிறர் கையில் கொடுங்கள்.